அடியில் கொஞ்சம் துரும்பு

விஜயபாண்டியை ஓரிடத்தில் உட்கார வைப்பது நடக்காத காரியம். சிலமலையில் அவன் அப்பாவின் தோட்டத்திலும் அவன் கால் தங்கவில்லை. வெங்காயத்தை நட்டுவிட்டு அது விளையும்வரை பார்த்துக்கொண்டிருக்க ஒரு பொறுமை வேண்டுமே, அது அவனிடம் மருந்துக்கும் கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் ஆள் ஒரு நிலைக்கு வந்தான். தங்கபாண்டி என்பவருடைய ஜீப்பில், போடியிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை வெள்ளனவே ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்குப் போவான். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவான். அந்தப் பெண்களில் அவன் மனைவி மகாராணியும் ஒருத்தி.

வந்த நிலையையும் போன மழைக்காலம் கெடுத்துவிட்டது. மலை ஏறிக்கொண்டிருக்கும்போது பின்பக்கத் தகடு பொத்துக்கொண்டு, ஏலக்காய்க்கு வரும் அன்னக்கொடி அத்தையின் கால் முழங்கால்வரை கீழே இறங்கிவிட்டது. அத்தை பலே ஆள். “செருப்பு ரோட்டுக்கு, காலு எனக்குன்னு பாகம் பிரிச்சாச்சு மாப்ளே” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். விஜயபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்களை எஸ்டேட்டில் இறக்கிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். போனது தகடு மட்டும் அல்ல. மொத்த வண்டியையும் தாங்குகிற சேஸ் இரும்பே, நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக உதிர்ந்தது.

தங்கபாண்டியிடம் போய்ச் சொன்னான். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“ஒரு பலகையப் போட்டு மேல ரப்பர் மேட்ட விரிச்சு விடு. சும்மா பொம்பளையாளுகளப் பயமுறுத்திக்கிட்டுத் திரியாத. வண்டி நின்னா உன் சோலியும் நிக்கும், பாத்துக்க.”

பலகையைப் போட்டான். மேட்டையும் விரித்தான். “தகடுதான் அத்தே, சரி பண்ணியாச்சு” என்று பெண்களிடம் சொன்னான். சேஸைப் பற்றி மூச்சு விடவில்லை. மகாராணியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பலகைமேல் கால் வைத்துத்தான் அவள் தினமும் மலை ஏறினாள்.

சொல்லாமல் விட்டதை ஈடுகட்ட அவன் கண்ட வழி ஒன்றே ஒன்று. துருப்பிடிக்காத ஒரு பழைய ஜீப்பைச் சொந்தமாக வாங்கி, அத்தனை பெண்களையும் அதில் ஏற்றிவிடுவது. அதற்குப் பிறகு தங்கபாண்டியின் வண்டி எக்கேடும் கெட்டுப் போகட்டும். அன்றிலிருந்து தேவாரம், குரங்கணி என்று எந்த ஊரில் பழைய ஜீப்பு விலைக்கு நின்றாலும் போய் நின்றான். சட்டைப் பையில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். பட்டி போட்டு மேலே பெயின்ட் அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. தகடு இருந்தால்தான் ஒட்டும். கையில் ஸ்பேனர். அதை வைத்து அடிப்பக்கம் முழுக்கத் தட்டுவான். நல்ல இரும்பு கணீர் என்னும். துருத் தின்ற இரும்பு சொத் என்னும். விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசினார்கள்: “துருவா? நம்ம வண்டியிலயா?” தட்டிப் பார்த்தால் சொத். ஒருத்தன்கூட உண்மை சொல்லவில்லையே என்று இவனுக்கு உலகத்தின் மேலேயே எரிச்சல் வந்தது. தன் வண்டியில் விரித்த மேட்டை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ள மாட்டான், பாவம்.

ஜீப்பு ஸ்டாண்டில் அவனுக்குத் துருப்பாண்டி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். சோறு இறங்கவில்லை. வீட்டில் தகர டப்பா உருண்டால்கூடத் திடுக்கிட்டு எழுந்தான்.

“என்னய்யா வந்துச்சு உங்களுக்கு? துரும்பா இளைச்சுப் போனீக” என்றாள் மகாராணி.

“ஒண்ணுமில்ல. வண்டி பாக்குறேன்ல, அந்த அலைச்சல்” என்று மழுப்பினான்.

இப்படி இருக்கையில்தான், பூப்பாறையில் குரியச்சன் என்கிற மலையாளியிடம் ஒரு ஜீப்பு இருப்பதாகத் தகவல் வந்தது. போன் போட்டான். குரியச்சன் இழுத்து இழுத்துப் பேசினார்.

“வண்டி ஓடும், அண்ணாச்சி. பின்னே, அடியில கொறச்சு துரும்பு உண்டு. கண்டிட்டு எடுத்தா மதி.”

விஜயபாண்டி அசந்து போனான். வண்டிக்கு அடியில் கொஞ்சம் துரும்பு கிடக்கிறதாம், பார்த்துவிட்டு எடுத்தால் போதுமாம். வைக்கோல் துரும்பைக்கூட மறைக்காத மனுசன் துருவையா மறைக்கப் போகிறான்! ஊரெல்லாம் பொய் கேட்டுப் புளித்த காதுக்கு அது தேனாக இருந்தது. இத்தனை வருடம் மலைக்குப் போய்வந்தும் அவனுக்கு மலையாளம் ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களை இறக்கிவிட்டால் ஜீப்புக்குள் படுத்துத் தூங்குவான். பழக்கமெல்லாம் தமிழ் டிரைவர்களோடுதான்.

மறுநாள் மதியம் குரியச்சன் வீட்டுக்குப் போனான். ஜீப்பு மாட்டுக்கொட்டத்தை ஒட்டி நின்றது. குனிந்து பார்த்தான். வண்டிக்கு அடியில், சொன்னது சொன்னபடி, வைக்கோல் துரும்பு சிதறிக் கிடந்தது! அதோடு அவன் சந்தேகமெல்லாம் பறந்துவிட்டது. சாஸ்திரத்துக்குக் காந்தத்தை எடுத்துக் கதவிலும் பானெட்டிலும் வைத்தான். எல்லா இடத்திலும் நறுக்கென்று ஒட்டியது. டார்ச் அடித்தான். அடிப்பக்கம் கழிவு ஆயில் பூசிக் கருகருவென்று மின்னியது. ஸ்பேனர் அன்று பைக்குள்ளேயே கிடந்தது.

“துரும்பு கண்டோ?” என்றார் குரியச்சன்.

“அதெல்லாம் தட்டி விட்டுக்கிறலாம் சேட்டா” என்று சிரித்தான். குரியச்சன் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். ராஜகுமாரியிலிருந்து இன்னொருவர் வண்டியைப் பார்க்க வருவதாக அவர் சொன்னதும், இவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே எடுத்துக்கிறேன் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும்போது, தங்கபாண்டியின் ஜீப்பைக் குரியச்சன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். மகாராணியை மட்டும் உள்ளே கூட்டிப்போனான். பல நாள் கழித்து அவன் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷம்.

“எப்பேர்ப்பட்ட மனுசன் தெரியுமா? அடியில துரும்பு கெடக்குன்னு போன்லயே சொல்லிட்டாரு.”

மகாராணி நின்றுவிட்டாள். “என்னன்னு சொன்னாரு?”

“துரும்பு உண்டுன்னு.”

“ஐயோ, கூறுகெட்ட மனுசா! துரும்புன்னா இங்க துருய்யா! என் கத்தி துருப்பிடிச்சா எங்க சூப்பர்வைசர் அப்படித்தானே வைவாரு!”

விஜயபாண்டி குரியச்சன் ஜீப்புக்கு அடியில் புகுந்தான். வைக்கோலின் மேலேயே மல்லாந்து படுத்து, ஸ்பேனரை எடுத்துத் தட்டினான். கணீர். கணீர். பின்சக்கரத்துப் பக்கம் வந்தபோது சொத். இன்னொன்று போட்டான். ஸ்பேனர் சேஸுக்குள்ளேயே போய்விட்டது. கழிவு ஆயிலோடு துருத்தூள் அவன் முகத்தில் கொட்டியது.

எழுந்து வந்தவனிடம் குரியச்சன் கோபமே படாமல் சொன்னார்: “ஞான் ஆத்தியமே பறஞ்ஞதல்லே, அண்ணாச்சி?”

முதலிலேயே சொன்னேனே என்கிறார். ஆமாம், சொன்னார். முகம் தெரியாத ஒருவனுக்கு, போனிலேயே, கேட்காமலே சொன்னார். விஜயபாண்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொடுத்த வாக்கு போனதற்கு அல்ல. வாசலில் நின்ற ஜீப்பில் அன்னக்கொடி அத்தை, இவன் பேச்சை நம்பி, பலகைமேல் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாளே, அதற்கு.

அவன் நேராக வாசலுக்குப் போய்த் தன் ஜீப்பின் அடியில் படுத்தான். இத்தனை மாதமாக அவன் தட்டிப் பார்க்காத வண்டி அது ஒன்றுதான். சொத் என்றது. இங்கும் ஸ்பேனர் உள்ளே போயிற்று. வெளியே வந்தான். முகமெல்லாம் கரி.

“இறங்குங்க அத்தே. எல்லாரும் இறங்குங்க. அடியில துரும்பு இருக்கு.”

யாரும் அர்த்தம் கேட்கவில்லை. அந்தப் பெண்களுக்கு எஸ்டேட் மலையாளம் தெரியும். ஒவ்வொருத்தியாகச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மகாராணி பலகையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது எப்பத்துலருந்து உங்களுக்குத் தெரியும்?”

“அத்தை கால் இறங்குச்சுல்ல, அன்னைக்கே.”

அவள் பலகையைப் பழையபடி வைத்துவிட்டுத் தன் தூக்கை எடுத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்னக்கொடி அத்தைதான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வாங்கடி, பஸ்சு போயிரப் போகுது” என்று எல்லோரையும் ரோட்டுக்குக் கிளப்பினாள்.

விஜயபாண்டி டிரைவர் சீட்டில் ஏறப்போனான்.

“நீங்க எங்க ஏறுறீக?” என்றாள் மகாராணி.

“வண்டியக் கீழ இறக்கணும்ல.”

“எங்களுக்கு ஆகாத வண்டி உங்களுக்கு மட்டும் ஆகுமா? இறங்குங்க. பஸ்சுலதான் வர்றீக.”

அவன் சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். அவளோடு நடந்துகொண்டே தங்கபாண்டிக்குப் போன் போட்டான்.

“அண்ணே, வண்டி பூப்பாறையில நிக்குது. நான் ஓட்டிட்டு வரல. அடியில துரும்பு இருக்கு.”

“துரும்பா?” தங்கபாண்டி கத்தியது பக்கத்தில் நடந்த மகாராணிக்கே கேட்டது. “துரும்புக்காடா வண்டிய நிப்பாட்டுன? தட்டி விட்டுட்டு வெரசா ஓட்டிட்டு வாடா!”

“தட்டிட்டேண்ணே” என்றான் விஜயபாண்டி. “ஸ்பேனர் உள்ள போயிருச்சு.”