ஜெயசீலி அக்கா எழுதாத பதில்

"கர்த்தர் உன்னை எதற்காக அழைத்தார்?" பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டு, கட்டபெட்டில் எங்கள் சபை கொடுத்த படிவத்தில் இருந்த இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மற்ற பத்து வாலிபர்களும் 'உலகளாவிய ஊழியம்' என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவர்கூட மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதில்லை. நானும் பார்த்து எழுதினேன்.

தேயிலை எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஜெயசீலி அக்காவின் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. கொழுந்து மிகுந்த மாதம், ஞாயிறும் வேலை. ஆராதனை முடியுமுன் அவர் எழுந்து புறப்பட்டார்.

வாலிபர் தலைவர் பிரைட்டன் மைக்கிலேயே கேட்டார்: "ஏனுங்க அக்கா, உங்களுக்கு அழைப்பே இல்லீங்களா?"

சபை சிரித்தது. அக்கா வாசலில் நின்று செருப்பை மாட்டினார்.

"எழுத நேரமில்லீங்க தம்பி. நீங்க உலகம் பூரா போயிட்டு வாங்க. இலை பறிக்கப் போனவங்க பிள்ளைகளுக்கு நான் கஞ்சி ஊட்டோணும். உங்க பாப்பாவும் அங்கதான் அழுதுட்டிருக்கும்."

பிரைட்டன் அடுத்த பாட்டை அறிவித்தார். மனைவி கொழுந்து பறிக்க, அவர் உலகத்தை இரட்சித்துக்கொண்டிருந்தார்.

நான் என் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். இப்போது அதே காப்பகத்தில் காலையில் பால் காய்ச்சுகிறேன். என் பதில் அதுதான்.

உங்கள் சபையிலும் அந்தப் படிவம் வந்தால், பேனா எடுப்பவர்களிடம் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.