கர்ப்பிணிகள் பக்கமும் சிவப்பு மையில் போன ஐந்து வரியும்

பத்திரிகைத் தொழிலில் எழுதுகிறவனுக்குப் பேர் கிடைக்கும், எழுதியதை அடிக்கிறவனுக்குச் சம்பளம் மட்டும் கிடைக்கும். நான் இரண்டாவது வகை. வாராவாரம் ஓர் இணைப்புப் பக்கத்தை நிரப்பி, கடைசி நேரத்தில் வந்த விளம்பரத்துக்காக அதையே வெட்டி வயிறெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தலையாட்டிக்கொண்டே படிக்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் விலையிலிருந்து மசக்கைக்கு

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஈரோட்டு மஞ்சள், கொப்பரை, பருத்தி, நூல் என்று சந்தை விலைகளைப் பார்ப்பது என் வேலை. ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் கூப்பிட்டார். வியாழக்கிழமை இணைப்பில் கர்ப்பிணிகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாராம். என்ன சாப்பிடுவது, எந்த மாத்திரை போடுவது என்று ஒரு சிறு கட்டுரை, கூடவே வாசகர் கேள்விகளுக்குப் பதில். எழுதப்போகிறவர் அரசாங்க ஆசுபத்திரியில் ஓய்வு பெற்று, சிங்காநல்லூரில் சாயந்திரம் மட்டும் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரம்மா. அதைத் திருத்தி அச்சுக்கு அனுப்ப வேண்டியவன் நான்.

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே என்றேன். ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மஞ்சள் வெலையப் பைசா தப்பாமப் போடறீங்கல்ல? மாத்திரை அளவையும் அப்படியே தப்பாமப் போடுங்க, போதும்."

ஒரு நாள் முன்னதாக

எங்கள் புரூஃப் அறையில் மகேஸ்வரி என்று ஒரு பெண். கணவர் மில்லில் ஃபிட்டர், வீடு சிங்காநல்லூர் குளத்துக்குப் பக்கம். கையெழுத்துப் பிரதியை இடது பக்கமும் அச்சுக்கோத்த தாளை வலது பக்கமும் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுவது அவர் வேலை. நாங்கள் சிவப்பு மையில் அடித்த வரிகளைப் புரூஃப் பார்க்கிறவர்கள் படிக்கக் கூடாது என்பது அந்த அறையின் விதி. படித்தால் கண் தடுமாறி, அடித்தது மறுபடி அச்சில் ஏறிவிடும். மகேஸ்வரி அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை.

அந்தப் பக்கம் தொடங்கியபோது அவருக்கு நாலாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை கரு நிற்காமல் போயிருந்தது. டாக்டரம்மாவிடம்தான் காட்டிக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டு என்று வந்திருந்தது. பிரசவத்துக்குள் பத்தைத் தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, தினமும் தவறாமல் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதல் வாரத்துப் பக்கத்தைத் திருத்திக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தபோது மகேஸ்வரி சொன்னார்: "ஊருக்கெல்லாம் போறதுக்கு ஒரு நா முன்னாடியே எனக்கு வந்துருதுங்க, சார். இந்தத் தடவ நான் கோட்டை உடமாட்டேனுங்க."

பட்டுப்புடவை ஒசந்தது

மூன்றாவது வாரம் இரும்புச்சத்து மாத்திரை பற்றி. டாக்டரம்மா அழகாக எழுதியிருந்தார். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பிள்ளை கறுப்பாகப் பிறக்காது. வயிறு கட்டினால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கீரையும் பழமும் தண்ணீரும் கூட்ட வேண்டும்.

பக்கம் அமைக்கிற காதர் பாய் கையில் அளவுகோலோடு வந்தார். ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் திடீரென்று பெரிதாகிவிட்டதாம். கடைசி ஐந்து வரியைச் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தேன். என்ன அடிக்கிறோம் என்று படித்தேனா என்றால், இல்லை. செய்தியில் முக்கியமானது முதலில் வரும், கடைசியில் இருப்பது போனால் பரவாயில்லை என்பதுதான் நாங்கள் படித்த பாடம். நீங்களும் அதையே செய்திருப்பீர்கள். காதர் பாய் தாளை வாங்கிக்கொண்டு சொன்னார்: "வாலுதானுங்களே சார், யாரு வந்து கேக்கப் போறாங்க?"

பழுத்தது, பழுக்காதது

பழுத்த பப்பாளியை அளவாகச் சாப்பிடலாம், காயும் செங்காயும்தான் கூடாது என்று போட்டதற்குக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு விவசாயி பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். மடியில் எங்கள் பேப்பர். மருமகள் இரண்டு துண்டு பழம் சாப்பிட்டதைப் பார்த்த அவர் மனைவி, தோட்டத்திலிருந்த ஏழு பப்பாளி மரத்தையும் வெட்டச் சொல்லி இரண்டு நாளாகப் பேசவில்லையாம். போட்டது நிஜந்தானா என்று கேட்டார். நிஜம்தான், டாக்டர் எழுதியது என்றேன்.

பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "செரிங்க, மரத்தை வெட்டாம உட்டர்றேன். எம்பட ஊட்டுக்காரி என்னைய வெட்டாம நீங்கதான் பாத்துக்கோணும்."

ஆளுக்கொரு மூடி

சத்து டானிக் இரண்டு பாட்டில் குடித்தும் மனைவி தேறவில்லை, உங்கள் டாக்டர் வேறு டானிக் சொல்வாரா என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். பின்னால் பெரிய குடும்பத்தின் சத்தம். பாட்டில் எத்தனை நாள் வந்தது என்றேன். ஆறு நாளாம். ஒரு மாதம் வர வேண்டிய பாட்டில் ஆறு நாளில் எப்படித் தீரும்?

அவர் மறைக்கவில்லை. "வெல கூடுன சாமானாச்சேன்னு ஆளுக்கொரு மூடி குடிச்சோமுங்க. எங்கம்மாவுக்கு மொழங்கால் வலியே போயிருச்சுங்க, அம்மணிக்குத்தான் ஒண்ணும் தெரியலீங்க."

தாழ்ந்த குரல்

ஃபோலிக் அமில மாத்திரையைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கிவிடுவது நல்லது, முதல் மூன்று மாதம் கட்டாயம் என்று போட்ட வாரம், சரவணம்பட்டியிலிருந்து புதுப்பெண் ஒருத்தி பேசினாள். பக்கத்து வீட்டுத் தொலைபேசி என்பதால் குரல் காதில் விழவே சிரமப்பட்டது. மாத்திரையை வாங்கத் தயார்தான். ஆனால் வாங்குவது எப்படி? "இன்னும் ஒண்ணுமே இல்லீங்களே. மருந்துக்கடை அண்ணங்கிட்டக் கேட்டா, சாயந்தரத்துக்குள்ள ஊருக்கே சக்கரை குடுத்துப்போடுவாருங்க!"

பதினொரு மணி டீ

எங்கள் அலுவலகத்தில் பதினொரு மணிக்கு டீ வரும். வாசலில் கடை வைத்திருக்கும் ராசு கம்பிக் கூடையில் கொண்டுவருவார். மகேஸ்வரி காலையில் எது சாப்பிட்டாலும் குமட்டுகிறது என்று மாத்திரையை அந்த நேரத்துக்குத் தள்ளிவைத்திருந்தார். டீ வந்ததும் கைப்பையைத் திறப்பார், மாத்திரையை வாயில் போடுவார், சுடச்சுட டீயோடு விழுங்குவார். மறந்துவிடக் கூடாதே என்று முதல் கிளாஸை எடுத்து நானே அவர் பக்கம் நகர்த்திவைப்பேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

தண்ணீரில் போட்டால் ஆகாதா என்று ஒருமுறை கேட்டேன். மூஞ்சியைச் சுளித்தார். "ஆணியக் கடிச்ச மாதிரி இருக்குதுங்க, சார். டீ குடிச்சாத்தான் அந்த நாத்தம் போவுது."

கட்டுக்குள்ளிருந்து எடுத்த தாள்

இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். எட்டு. அதே எட்டு. ஆறாம் மாதம் முடியப்போகிறது.

அன்றைக்குக் கிளினிக்கில் நடந்ததை மகேஸ்வரி மறுநாள் சொன்னார். "மாத்திரைய நீ முழுங்கறியா, செடிக்குப் போடறியா கண்ணு?" என்று டாக்டரம்மா கேட்டாராம். ஒரு நாள் விடாமல் போடுகிறேன் என்றிருக்கிறார் இவர். எதோடு போடுகிறாய் என்று அடுத்த கேள்வி. டீயோடு. டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "நான் எழுதினேனே, உன் பேப்பர்லதானே வந்துது?" என்றாராம்.

மகேஸ்வரி பழைய பிரதிகள் கட்டிவைத்திருக்கும் அலமாரிக்குப் போனார். சணல் கயிற்றை அவிழ்த்து ஒரு தாளை உருவி என் மேஜையில் வைத்தார். டாக்டரம்மாவின் கையெழுத்து. கடைசி ஐந்து வரியின் மேல் என் சிவப்புக் கோடு. கோட்டுக்கு அடியில் நன்றாகவே படிக்க முடிந்தது: "மிக முக்கியம். இந்த மாத்திரையை டீ, காப்பி, பாலோடு விழுங்காதீர்கள்; சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இந்தத் தாளு எங்கையிலதானுங்க இருந்துது, சார். அடிச்சதப் படிக்கிற பழக்கம் எனக்கில்லீங்களே."

தலையும் வாலும்

அன்று சாயந்திரமே சிங்காநல்லூர் பஸ் பிடித்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். முக்கியமானதை ஏன் கடைசியில் எழுதினீர்கள் என்று கேட்கவும் செய்தேன். தப்பில் பாதியையாவது வேறு தலையில் ஏற்றிவிடும் ஆசை யாரை விட்டது?

அவர் பொறுமையாகச் சொன்னார். கிளினிக்கில் முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்வார்களாம். எழுந்து கதவைத் திறக்கும்போது காதில் விழுவதுதான் வீடுவரைக்கும் நிற்குமாம். நாற்பது வருடப் பழக்கம். அவர் வால் என் தலை, என் வால் அவர் தலை. நடுவில் மாட்டிக்கொண்டது மகேஸ்வரி. இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று மாதம் இருக்கிறது, ஒழுங்காகப் போட்டால் ஏறும் என்றார். கிளம்பும்போது, அவர் வழக்கப்படி, கதவருகில் ஒன்று சொன்னார்: "இனிமே முக்கியமானதை நான் தலையில எழுதறேன். நீங்க எப்பவும்போல வாலை வெட்டுங்க."

அந்த வியாழக்கிழமை ஐந்து வரியும் பக்கத்தின் உச்சியில், கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் வந்தன. முன்பு இடமில்லாமல் விட்டுப்போனது என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதற்கு இடம் கேட்டபோது காதர் பாய் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். "பட்டுப்புடவைய நான் சுருக்கறேங்க, சார். நீங்க பேசாம எழுதுங்க."

இரண்டு கிளாஸ்

டீக்கு எதிராக எழுதிவிட்டு டீக்கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தபடி வந்தால், ராசுவின் கூடையில் ஒரு கிளாஸ் மட்டும் நிறம் வெளுத்திருந்தது. எலுமிச்சம்பழத் தண்ணீர், சர்க்கரை போட்டு. பேப்பரை அவரும் படித்திருக்கிறார். அன்றிலிருந்து பதினொரு மணிக்கு மகேஸ்வரிக்கு அந்தக் கிளாஸ், பன்னிரண்டரைக்கு டீ. புளிப்பில் ஆணி நாற்றமும் தெரியவில்லையாம்.

உங்கள் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டேனோ என்றேன். ராசு காலி கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "கெடுத்தீங்களா? ஒரு கிளாஸ் குடுத்த எடத்துல இப்ப ரெண்டு போவுதுங்க. அடுத்த வாரம் காப்பியப் பத்தியும் போட்டுடுங்க."

டிபன் டப்பா

மகேஸ்வரியின் மாமியார், நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆப்பரேசன் ஆகிவிடும் என்று அளந்து போடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. கட்டம் கட்டிய பக்கத்தை மகன் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். மாத்திரை மட்டும் போதாது, கீரை, பயறு, முட்டை, நிலக்கடலை, ராகி எல்லாம் வேண்டும், இரண்டு ஆள் சாப்பாடு தேவையில்லை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும் என்று கீழே இருந்ததையும் சேர்த்து.

மறுநாள் முதல் டிபன் டப்பா மூன்றடுக்கானது. முருங்கைக்கீரைப் பொரியல், பச்சைப்பயறு கடைசல், அவித்த முட்டை, கொய்யாப்பழம். காதர் பாய் நோன்புக்கு வாங்கியதில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். ஒருநாள் மதியம் மாமியாரே சூடாக ராகிக் களியோடு ஆபீசுக்கு வந்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீயோட மாத்தரையக் குடுத்தது நீங்கதானுங்களா? ஏனுங்க, படிச்சவிய நீங்களே இப்படியிருந்தா நாங்க என்ன பண்றதுங்க?"

இரண்டு கிலோ எண்ணூறு

ஏழாம் மாதக் கடைசியில் ஒன்பது. எட்டாம் மாதக் கடைசியில் ஒன்பதே முக்கால். விடுப்பில் போகும் வாரம் பத்தரை. அந்தச் சீட்டை மகேஸ்வரி புரூஃப் தாளைப்போல என் முன்னால் விரித்து, எண்ணுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. கணவர் ஜிலேபியோடு வந்து சொன்னார். அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. காதர் பாய்தான் நாற்காலி போட்டார்.

நாலு மாதம் கழித்து மகேஸ்வரி வேலைக்குத் திரும்பினார். முதல் வியாழக்கிழமை, தாய்ப்பால் கொடுப்பவர்கள் என்ன சாப்பிடுவது என்ற கட்டுரை. அதிலும் அதே ஜவுளிக்கடை விளம்பரம் புகுந்தது, முக்கியமானது இப்போது தலையில்தானே இருக்கும் என்று நானும் கடைசி மூன்று வரியை அடித்திருந்தேன். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் அடித்தேன் என்று சத்தியம் செய்யத் தயார். தாளோடு வந்து நின்ற மகேஸ்வரி, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். புரூஃப் அறையின் விதி அன்றோடு போனது. "குழந்தை பொறந்தப்பறமும் மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு இருக்குதுங்க, சார். இது இருக்கட்டும், பட்டுப்புடவை அடுத்த வாரம் கட்டிக்கலாமுங்க."

அந்தப் பக்கத்தைக் கட்டி நான் கற்றது இவ்வளவுதான்: மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விளம்பரத்தைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்க வேண்டும்.