மூன்றே நாளில் மறைந்த படர்தாமரை

இந்த வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மருத்துவம் படிக்காத நான் ஒருத்திக்கு வைத்தியம் பார்த்துவிட்டேன். நோயாளி, எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் சண்முகத்தாய்.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் அவளுக்கு வேலை. வறுத்த கடலை கலந்த பாகைப் பலகையில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் துண்டு போட வேண்டும். கை சுத்தமாக இருந்தால்தான் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்க முடியும். சித்திரை மாதம், அவள் மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் படர்தாமரை வந்தது.

"யக்கா, கம்பெனி அண்ணாச்சி பாத்தா வேலைக்கு வராதன்னு சொல்லிருவாவ. எதாச்சும் மருந்து தெரிஞ்சாச் சொல்லுங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சென்ற ஆண்டு என் கழுத்து அரிப்புக்கு வாங்கிய டியூபின் அட்டைப்பெட்டியைத் தேடியெடுத்து, பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். நம் ஊரில் பாதி மருந்துச்சீட்டு இப்படித்தானே! அட்டையை நீட்டினால் போதும்... மெடிக்கலில் ஒரு கேள்வி வராது.

மூன்றே நாள். அரிப்பு நின்றது, சிவப்பு மறைந்தது.

"யக்கா, நீங்க டாக்டருக்கே படிச்சிருக்கலாம்!"

மறுத்தேனா? இல்லை. சற்றுப் பூரித்தும் போனேன்.

பத்து நாளில் வட்டம் திரும்பி வந்தது. தடவினாள், மறைந்தது. நிறுத்தினாள், வந்தது — ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அகலமாக. ஆடி பிறந்தபோது அது முழங்கைவரை ஏறியிருந்தது. கம்பெனி முதலாளி பார்த்துவிட்டார்.

"திங்குற பண்டம், தாயி. நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன பதில் சொல்ல? சொகமானப்பொறவு வா."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அவள் கணவர் முருகனுக்கு மானாவாரி விவசாயம். மழை வந்தால்தான் அவருக்கு வேலை. இரண்டு பிள்ளைகள் சாப்பிடுவது அவள் கையை நம்பி. அந்தக் கையை அல்லவா நான் கிழித்துக் கொடுத்த அட்டை கெடுத்துவிட்டது?

நானே அவளையும் முருகனையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டியூபைப் பார்த்ததும் டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

"இதுல ரெண்டு மருந்து கலந்திருக்கு. ஒண்ணு பூஞ்சையைக் கொல்றது. இன்னொண்ணு ஸ்டீராய்டு, அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிடும். அமுங்கினதைப் பாத்து, ஆறிட்டுதுன்னு நீங்க நிறுத்திடுதீங்க. பூஞ்சை சாகாம பரவுது. நாள்கணக்கா தடவினா தோலும் மெலிஞ்சு போகும். டாக்டர் பாத்து, இத்தனை நாள்னு சொல்லிக் கொடுக்க வேண்டியதை எல்லாரும் கேட்டு வாங்கித் தடவுதீங்க."

பிறகு கேட்டார்: "வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்லம்மா."

"ஒரு டியூப் எத்தனை நாள் வரும்?"

"அஞ்சு நாள்லயே தீந்துருதும்மா."

"ஒரு கைக்கா?"

சண்முகத்தாய் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். முருகன் சுவரில் ஒட்டியிருந்த போலியோ சொட்டு மருந்துப் படத்தைப் பார்த்தார்.

"ஏங்க... என் மருந்தை எடுத்துத் தடவுனியளா?"

"தொடையில அரிச்சுது. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு. ஒரே துண்டுலதான துவட்டுதோம், மருந்து மட்டும் தனியாக்கும்?"

"அந்தத் துண்டுதான் உங்க ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திக் கொடுக்குது!" என்றார் டாக்டரம்மா.

இருவருக்கும் ஸ்டீராய்டு கலக்காத களிம்பு, மாத்திரை. ஆளுக்கொரு துண்டு, தினமும் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். தோல் சரியான பிறகும் இரண்டு வாரம் தடவ வேண்டும். குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் இது எளிய காரியமா? ஆனாலும் துணிக்கென்று தினம் ஒரு குடம் ஒதுக்கினாள்.

பழைய மருந்தை நிறுத்தியதும் அரிப்பு முன்னைவிட அதிகமானது. இப்படி ஆகலாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஒரு மாலை கண் கலங்க வந்து நின்றாள்.

"யக்கா, அந்தப் பழைய டியூபை ஒரே ஒரு தடவை..."

"கூடாது" என்றேன். அவளோடு உட்கார்ந்து அவள் கைக்கு விசிறினேன். வேறென்ன செய்ய?

யோசித்துப் பார்த்தால், நமக்கு வேண்டியது நோய் போவதா, நோய் தெரியாமல் இருப்பதா? மந்திரி வருகிறார் என்றதும் சாலைக் குழியில் மண் அள்ளிப் போடுகிறோமே, அதே அவசரம்தான். கூச்சமும் சேர்ந்துகொண்டால் டாக்டரைவிட மெடிக்கல் கவுண்ட்டர் பக்கத்தில் தெரிகிறது.

சென்ற வாரம் கையைக் காட்டக் கம்பெனிக்குப் போனாள். நானும் உடன் போயிருந்தேன். வட்டம் இருந்த இடம் தெரியவில்லை. முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு! நாளைக்கே வந்துரு, தாயி."

வேலைக்காக இரண்டு மாதம் தவித்தவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"கண்ணுக்குத்தான் போயிருக்கு அண்ணாச்சி. இன்னும் நாலு நாள் மருந்து பாக்கி இருக்கு. முடிச்சுட்டே வாரேன்."

முதலாளி இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழமையெல்லாம் இருப்பாவ?"

"யாருக்கு அண்ணாச்சி?"

"நமக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்றார் — வேட்டி முடிச்சுக்குக் கீழே இடுப்பைச் சொறிந்தபடியே.