நான் மறந்த இரண்டாவது நூறு

மரவள்ளிக்கிழங்கு வேகும் வாசனை வந்தால் போதும், ஜப்பான்காரன் காலத்து நில ஆபீசில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். ஏக்கரில் பழகிய குமாஸ்தா நான். அவர்களோ ஹெக்டேரில் கேட்டார்கள். சுங்கை பினாங்கில் கிழங்கு நட்டிருந்த ஓர் அக்காவின் அனுமதிச் சீட்டில், 0.05 ஹெக்டேரை ஐந்து சதுர மீட்டர் என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே சீட்டோடு வந்து நின்றாள்.

“என்னா தம்பி, நாலு புள்ளைங்களுக்குப் பாய் விரிக்கவே இது பத்தாதுலா! மிச்சத்த எல்லாம் புடுங்கணும்னு ஆளு வந்து நிக்கிறான்.”

ஹெக்டேருக்கு நூறு ஆர், ஆருக்கு நூறு சதுர மீட்டர். நான் ஒரு நூறோடு நின்றிருந்தேன். அடித்து, ஐந்நூறு என்று எழுதி முத்திரை குத்தினேன். அவள் சிரித்தாள்; எனக்கும் மூச்சு வந்தது.

“நான் ஓடிப்போயி அவன நிறுத்துறேன். நீ மொதல்ல ஒரு வாய் தண்ணி குடி தம்பி.”