காயவைத்த தட்டுகள்

நடுப்பகல் வெயிலில் பாறைமேல் காய்கிற சாமைக்குள் வெறுங்காலை விட்டுத் துழாவிக்கொண்டே நடந்தால் உள்ளங்காலில் ஒரு சூடு ஏறும். நெருப்பைப் போலச் சுரீரென்று இருக்காது, மெதுவாக ஏறி முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடவே ஒரு வாசனையும் எழும்பும், புது மண்சட்டியை முதல்முதலில் அடுப்பில் வைத்ததுபோல. எழுபதைத் தாண்டிவிட்ட எனக்கு நேற்று என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துபோகிறது, அந்த வாசனை மறக்கவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கலா எழுதுகிறாள், ஆகையால் பேச்சு அங்கே இங்கே சுற்றி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கிற தூரத்தில் எங்கள் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்த வாணலி மாதிரி ஒரு பாறை. அதுதான் எங்களுக்குக் களம். சாமையை அடித்துத் தூற்றி அதில் பரப்புவோம். என் அக்கா அஞ்சலையும் நானும் குருவி விரட்ட உட்காருவோம். எனக்கு எட்டு வயது இருக்கும், அவளுக்குப் பன்னிரண்டு. நான் கல்லெறிவேன், ஒன்றும் பறக்காது. அக்கா எழுந்து நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்து "ஹோ... ஹூய் ஹூய் ஹோ" என்று ஒரு கூவல் விடுவாள், எதிர்மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பதற்குள் பாறையில் ஒரு குருவி இருக்காது.

அப்பா அதிகம் பேசமாட்டார். பேசுகிற கொஞ்சத்தில் தினமும் ஒன்று உண்டு: "சூடு ஆறாம மூடிப்புடாதீங்க, உள்ள வேர்த்துப் பூடும்." வெயில் சாய்ந்து, அள்ளினால் கைக்குச் சில்லென்று இருக்கும்போதுதான் தானியத்தை மண் குதிரில் கொட்ட வேண்டும். ஒருநாள் வெள்ளிமலைக்கு ஜீப் வந்திருக்கிறது என்று சேதி வந்தது. அதுவரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் ஜீப் பார்த்ததில்லை. அக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள். சாமையைக் குருவிகளிடம் விட்டுப் போகவும் பயம், ஜீப் இறங்கிப் போய்விடுமோ என்றும் பயம். உச்சிவெயிலில் கொதித்துக்கொண்டிருந்த சாமையை வாரிக் குதிரில் கொட்டி, வாயைச் சாணியால் மெழுகிவிட்டு ஓடினேன். ஜீப்பைப் பார்த்தேன். அதன் மூக்கைத் தொட்டுக்கூடப் பார்த்தேன், அதுவும் சுட்டது.

அது விதைக்கு வைத்த சாமை. விதைப்புக்குக் குதிரின் வாயைத் திறந்தபோது கட்டி கட்டியாகப் பூசணம். "யாரு மூடினது?" என்றார் அப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நான்தாம்பா" என்றாள். அப்பா அவளை அடிக்கவில்லை. அடுத்த அறுப்பு வரைக்கும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் அக்காவின் சத்தம் என்று கேட்டது பாறைமேல் நின்று அவள் கூவின கூவல் ஒன்றுதான். அப்பா போகிறவரைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வயதான காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சாமானைச் சோதித்து வாங்குகிற வேலை எனக்கு வந்தபோது இந்தப் புத்திதான் முன்னால் வந்து நின்றது.

நான் மலையை விட்டு இறங்கி, தியாகதுருகத்தில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கி, அங்கேயே வீடு கட்டினேன். அக்கா மலையிலேயே இருந்துவிட்டாள். என் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுப் போனான். அதற்குள் ஒரு படம் இருந்தது. மலையில் ஒரு காதுகுத்தின்போது பிள்ளைகள் வற்புறுத்தி அக்காவைப் பாறைமேல் ஏற்றி, அவள் கூவுவதை மகன் படம் பிடித்திருந்தான். மறுவருஷம் அக்காவுக்கு வாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது.

ஒரு காலையில் கலா என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில் காது வைக்கச் சொன்னாள். உள்ளே பல்லி கத்துவதுபோல ஒரு சத்தம்.

"இது ரொம்ப நாளு தாங்காது மாமா. உள்ள இருக்கிற டிஸ்க்கு பூட்டா எல்லாமே பூடும்."

"இன்னா எல்லாமே?"

"வெள்ளிமலை அத்தை கூவுறதுகூட."

படத்தை டிவிடித் தட்டில் எழுதி வைத்துக்கொண்டால் தப்பும் என்றாள். ஆனால் எங்கள் பெட்டியில் தட்டுப் போட்டால் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. எழுதுகிற சாமான் தனியாக வாங்கி உள்ளே பொருத்த வேண்டும், அதற்கு "டிவிடி ரைட்டர்" என்று பேர் என்றாள். இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினோம். அங்கே சாதிக் பாய் கடை. ரேடியோ ரிப்பேர் செய்த காலத்திலிருந்து அவர் எனக்குப் பழக்கம். இரண்டு ரைட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் இரண்டையும் தூக்கிக் கனம் பார்த்தேன். அவர் மின்சாரம் கொடுத்ததும் தட்டு வைக்கிற நாக்கு வெளியே வந்தது, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"இன்னா பெருசு, மாட்டுக்குப் பல்லு பாக்கிற?"

"வாங்கறவன் பாக்காம?"

"பாரு பாரு. கடிக்காது."

ஓடவிட்டுக் காது வைத்தேன். ஒன்று கொசு மாதிரி கிறீச்சிட்டது. இன்னொன்று தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல நிதானமாக ஓடியது. அதுதான் என்றேன்.

"இது எழுதனது எவ்ளோ நாளு நிக்கும் பாய்?"

"நீயும் நானும் போன பின்னாடியும் நிக்கும்."

"அத்த யாரு போய்ப் பாத்துட்டு வந்து சொன்னது?"

கலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாய் சிரித்துவிட்டு, "பதினஞ்சு நாளு வூட்ல வெச்சு ஓட்டிப் பாரு. சரியில்லன்னா கொண்டாந்து என் மூஞ்சில அடி" என்றார்.

கலாவே திருகாணிகளைக் கழற்றி அதைப் பொருத்தினாள். ஒரு தட்டைப் போட்டாள். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. "இன்னாத்தால எழுதுது?" என்றேன். "வெளிச்சத்தால மாமா. முள்ளு கெடையாது, மை கெடையாது" என்றாள். பேனா பிடித்தறியாத நான் அதன் முன்னால் கைகட்டி நின்றேன். வெளிச்சம் வாழ்நாளெல்லாம் நான் பார்த்ததுதான், அது எழுதும் என்று நினைத்ததில்லை. முடிந்து வெளியே வந்த தட்டை விளிம்பைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினாள். நடு ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் கறுத்திருந்தது, நட்ட நடுவிலிருந்து உழ ஆரம்பித்துப் பாதியில் ஏரை நிறுத்தின நிலம் மாதிரி. "இந்தக் கறுப்பு வரைக்கும் அத்தை. மீதி சும்மா" என்றாள். என் அக்காவின் குரல் ஒரு விரல் அகலம் இருந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியாத எனக்கு, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தது. டிவியில் போட்டுப் பார்த்தோம். பாறை, வெயில், அக்கா, கூவல், எல்லாம் அப்படியே வந்தது.

ஒன்று போதாது என்று நான்கு எழுதச் சொன்னேன். மூன்று முடிந்தது. நான்காவதைப் போட்டுவிட்டு, "வெளக்கு மினுக்கறது நின்னதும் இந்தப் பொத்தான அமுக்கி எடுத்து வெச்சுடுங்க மாமா" என்று சொல்லி, கலா களமருதூரில் தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். நான் நாற்காலி போட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மினுக்குவது நின்றது. விரலைக் கொண்டுபோவதற்குள் கரண்டு போய்விட்டது. திரும்ப வந்தபோது வந்த வேகத்தில் பெட்டிக்குள் "டப்" என்று வெடித்து, கருகின நாற்றம் வந்தது. அதற்குப் பிறகு எதை அழுத்தினாலும் பெட்டியில் உயிர் இல்லை. நான்காவது தட்டு எழுதியிருக்காது, போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்டியோடு படமும் போனது, இனி அக்காவின் குரல் என்று உலகத்தில் இருப்பது இந்த மூன்று தட்டுதான்.

அந்த மூன்றும் வெளியே வந்தபோது கதகதப்பாக இருந்தன. ஒரு தகர டப்பாவில் போட்டு மூடப் போனேன். அப்பாவின் குரல் கேட்டது. ஒருமுறை சூட்டோடு மூடி அக்காவை வாயடைக்க வைத்தவன் நான், இன்னொரு முறை மூடுவேனா? மாடிக்குப் போய், வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்த பாயின் ஓரத்தில், பளபளக்கிற பக்கம் மேலாக மூன்றையும் பரப்பினேன். தினமும் காலையில் விரிப்பேன், மாலையில் ஆறினபின் எடுப்பேன். அவை அடித்த மினுக்கலில் காக்கை ஒன்றுகூடக் கடலைக்குக் கிட்டே வரவில்லை. நாளாக ஆக அந்தக் கறுப்பு வளையம் வெளுத்துக்கொண்டே வந்தது. தானியமும் காயக் காய வெளுக்கத்தானே செய்யும். நன்றாகக் காய்கிறது என்று எனக்கு நிம்மதி.

பத்து நாள் கழித்துக் கலா வந்தாள். தட்டை டிவியில் போட்டாள். பாறை சதுரம் சதுரமாக உடைந்தது. அக்கா வாயருகே கையைக் குவித்தபடி அசையாமல் நின்றாள், சத்தம் வரவில்லை. மூன்றும் அப்படித்தான். நான் ரைட்டரைக் கழற்றச் சொல்லி, தட்டுகளோடு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

"பத்து நாளுகூட நிக்கல பாய்," என்று மேசைமேல் வைத்தேன். "மூஞ்சில அடிக்கச் சொன்னியே."

பாய் தட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். "இத்த எங்க வெச்சிருந்த?"

"மாடில."

"மாடில எங்க?"

"வெயில்லதான். சூடா வந்துது, ஆறாம மூடலாமா?"

பாய் கலாவைப் பார்த்தார். கலா தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிக்க வந்த பாய் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வெளிச்சத்தால எழுதனத வெளிச்சத்துல வெச்சா இன்னாய்யா ஆவும்?" என்றார் மெதுவாக. மிஷின்மேல் குற்றம் இல்லை. இரண்டாம் முறையும் நான்தான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் ரைட்டரைத் திரும்ப என் பையில் போடத் தூக்கினவர், லேசாக அசைத்துப் பார்த்து, "உள்ள எதுனா கீதா?" என்றார்.

"நாலாவது," என்றாள் கலா. "மாமா, எடுக்கலையா நீங்க?"

"கரண்டு போச்சேம்மா. எழுதியிருக்காதுன்னு வுட்டுட்டேன்."

பாய் ஒரு குண்டூசியை எடுத்து, ரைட்டரின் முகத்திலிருந்த சின்னத் துளையில் குத்தினார். நாக்கு வெளியே வந்தது. தட்டின் நடுவில், ஈர நிலம் மாதிரி, கறுகறுவென்று ஒரு விரல் அகலம். தன் கம்ப்யூட்டரில் போட்டார். "ஹோ... ஹூய் ஹூய் ஹோ" என்று கடை முழுக்க எழும்பியதில், தெருவில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போன ஆள் நின்று மேலே பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாய் அதிலிருந்து இன்னும் இரண்டு எழுதிக் கொடுத்து, கறுப்பு உறைக்குள் போட்டு என் கையில் வைத்தார். "சூடாத்தான் இருக்கும். அப்படியே மூடு" என்றார். ரைட்டரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுவாரம் வெள்ளிமலை பஸ்ஸில் போய் அக்கா வீட்டு டிவியில் போட்டோம். தன் குரல் வந்ததும் அக்காவின் இடது கை தானாக எழும்பி வாயருகே போய் நின்றது. படம் முடிந்தபின், பையிலிருந்த மூன்று கெட்ட தட்டைக் காட்டி இது என்ன என்பதுபோலப் பார்த்தாள். வெயிலில் பரப்பினதையும், காக்கை கிட்டே வராததையும் சொன்னேன். ஆறாமல் மூடக்கூடாது என்றுதான் அக்கா, என்றேன். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். சிரித்து முடித்து ஒரு தட்டை எடுத்துப் புறங்கையை அதன்மேல் வைத்து, ஆறிவிட்டதா என்று பார்த்துக் காட்டினாள். அந்தக் குதிர் அவளுக்கும் மறக்கவில்லை. பிறகு ஜன்னல் வழியாகச் சாமைக் கொல்லையைக் கை நீட்டிக் காட்டினாள். குருவி விரட்ட மூன்றையும் கயிற்றில் கோத்துக் கட்டச் சொல்லுகிறாள் என்று புரிந்துகொண்டேன். கட்டினேன்.

அக்கா போய் இரண்டு அறுப்பு ஆகிவிட்டது. சாதிக் பாய் கடையில் இப்போது செல்போன் உறைதான் தொங்குகிறது. போன மாதம் மகன் வாங்கி வந்த கம்ப்யூட்டர் பலகைபோல ஒல்லியாக இருக்கிறது. தட்டுப் போட வாயே இல்லை. ரைட்டர் பீரோவில், துணி சுற்றிக் கிடக்கிறது. அக்காவின் குரலைக் கலா போனில் ஏற்றிவிட்டாள், எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அதைச் சாய்த்துப் பிடித்து, எவ்வளவு தூரம் அக்கா, எவ்வளவு தூரம் சும்மா என்று பார்க்க முடியாது.

போன வாரம் மலைக்குப் போயிருந்தேன். கொல்லையில் மூன்று தட்டில் ஒன்றைக் காணோம், இரண்டு மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. கிட்டே போய் ஒன்றைப் பிடித்தேன். வெயிலில் கை சுட்டது. பாறை நிழல் அதன்மேல் வந்து விழுந்து, அது ஆறுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.