முப்பத்தெட்டு மார்க்

என் நாத்தனார் இந்த ஊரில் ஆயிரம் நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவள். ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தாளென்றால் போதும். உள்ளே எத்தனை பேர், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, காலையில் பால் பொங்கி வழிந்ததா என்பது வரை சொல்லிவிடுவாள். சரி, ஆயிரம் கொஞ்சம் கூடுதல்தான். பாதியாக்கிக்கொள்ளுங்கள்; அதிலும் ஒரு நூறைத் தள்ளிவிடுங்கள். பால் பொங்கியது நானாகச் சேர்த்தது. மீதியெல்லாம் நிஜம். நிஜமாகத்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அவள் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். எழுத எழுத உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வேறு. இப்படிக் கையைக் கட்டிப்போட்டு என்னை யாரும் எழுதச் சொன்னதில்லை.

இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவள் அவள். மீட்டர் எங்கே இருக்கும்? மாடிப்படிக்கு அடியில், பழைய செருப்புகளுக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவில். நாயையும் அங்கேதான் கட்டியிருப்பார்கள். அவள் வலது கெண்டைக்காலில் மூன்று தழும்புகள் உண்டு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “கடிச்சவங்க வரைக்கும் போதும்” என்பாள். மீட்டர்கள் தாமாகவே ஆபீசுக்குத் தகவல் அனுப்பக் கற்றுக்கொண்டதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது ஐம்பத்தொன்று. ஒரு மாதம் என் சமையலில் குறை கண்டுபிடித்தாள். அடுத்த மாதம் நாய்கள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், நானும் தப்பித்தேன்.

காப்பகம் மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. நாற்பது கூண்டுகள், ஒரு ஆபீஸ் அறை, ஒரு சமையல் கொட்டகை, எங்கே பார்த்தாலும் பினாயில் வாசனை. நாய் கேட்டு வருகிறவர்களின் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வது இவள் வேலை. சும்மா சொன்னால் போதாது என்று தானே ஒரு படிவம் தயாரித்தாள். இருபது கேள்விகள், நூறு மார்க். எழுபது வாங்கினால் நாய் கிடைக்கும். சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், இப்படி. பதினாலாவது கேள்வி: நாயை எப்போதாவது அடித்திருக்கிறீர்களா? அதற்கு ஆம் என்றால் மற்றக் கேள்விகளில் என்ன வாங்கினாலும் பெயில். அந்தப் படிவத்தின் மீது அவளுக்கு இருந்த பெருமையைப் பார்த்து, பெற்ற பிள்ளை மேல்கூட யாருக்கும் இத்தனை பாசம் இருக்காது என்று நான் கேலி செய்ததுண்டு.

ஏழு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பெட்டை நாய் வந்தது. காலி செய்துவிட்டுப் போன வீட்டின் மாடிப்படிக் கம்பியில் கட்டிவைத்திருந்தார்களாம். சிவப்பு நிறம், ஒரு காது கிழிசல். மிளகாய் என்று பேர் வைத்தார்கள். இன்னொரு நாயைக் கண்டால், சைக்கிளைக் கண்டால், யாராவது சட்டென்று கையை உயர்த்தினால், கம்பியில் போய் விழுந்து குதறும். அது குரைத்தால் மூன்று தெரு தள்ளிக் குழந்தைகள் தொட்டிலில் எழுந்து உட்காரும்.

“ரெண்டு தெரு” என்கிறாள் பட்டாணிக்காரி.

கெட்ட நாய் இல்லை, பயந்த நாய். சிலருக்குப் பயம் வந்தால் வாயடைத்துப்போகும். இதற்கு வாய் திறந்துகொள்ளும். தள்ளி நின்றால் சரியாக இருக்கும். அந்தத் தூரத்தை மதிக்கிற வீடு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு இளம் தம்பதி. தொண்ணூற்று நாலு மார்க். ஒன்பதாம் நாள் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். “ஃப்ரெண்ட்ஸ் யாருமே வீட்டுக்கு வர மாட்டேங்கறாங்க, ஆன்ட்டி.”

அதற்கடுத்த மாதம் ஆபீஸ் ஜன்னலில் கண்ணாடி உடைந்தது. புதுசு போட ஒரு கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். கண்ணாடித் தகடு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு கூண்டு வரிசையைத் தாண்டித்தான் ஜன்னலுக்குப் போக வேண்டும். முப்பத்தொன்பது நாய்களும் கத்தின. அவர் அவசரப்படவில்லை. “கண்ணாடி வருது… கண்ணாடி வருது…” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே நடந்தார். “திரும்பறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அது அவர் தொழில் பழக்கம். சொல்லாமல் திரும்பினால் யார் கழுத்தாவது போய்விடும். கடைசிக் கூண்டில் மிளகாய் நின்று பார்த்தது. குரைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்து, உட்கார்ந்துவிட்டது.

வேலை முடிந்ததும் அவர் கேட்டார். “அந்தக் கடைசிக் கூண்டுல இருக்கறத எனக்குக் குடுப்பீங்களாம்மா?”

இவள் படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். முட்டுச்சந்தின் கடைசிக் கட்டடம். முன்பக்கம் கடை, பின்பக்கம் இரண்டு அறை. எதிரில் ஒரு கிடங்கின் மொட்டைச் சுவர். மனைவி இறந்து ஆறு வருடம். சுற்றுச்சுவர் இல்லை: பூஜ்யம். வீடெல்லாம் கண்ணாடி: பூஜ்யம். தனி ஆள்: அஞ்சு. பிறகு பதினாலாவது கேள்வி வந்தது.

“அடிச்சிருக்கேன்” என்றார் அவர்.

பேனா நின்றது. “நாயையா?”

“முன்னாடி ஒண்ணு வச்சிருந்தேன். ஓடிவந்து மேசையில மோதிச்சு. ஆளுயரக் கண்ணாடி, சுக்கு சுக்கா போச்சு. கையில அளவுகோல் இருந்தது. ஒரு தடவதான். ஆனா பலமா.”

மொத்தம் முப்பத்தெட்டு. கிடையாது என்று சொல்லிவிட்டாள். அவர் ‘சரிம்மா’ என்றார், வாசல் வரை வந்து வழியனுப்பினார். நாய் அவரைப் பார்த்துக் குரைக்கவில்லையே என்று இவளுக்கு ஒரு நொடி தோன்றாமல் இல்லை. ஆனால் குரைக்காததற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று வாரம் கழித்து இன்னொரு குடும்பம் வந்தது. படித்தவர்கள், ஆறடிச் சுற்றுச்சுவர், வாசலில் பூந்தொட்டிகள். “அடிக்கிறதா? ஐயையோ, நாங்க குரலக்கூட உயர்த்த மாட்டோம்.” தொண்ணூற்றொன்று. இரண்டு தடவை எட்டிப் பார்க்கப் போனபோதும் நாய் பின்கட்டில் தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்றார்கள். இவளும் எழுப்பச் சொல்லவில்லை. இரண்டரை மாதம் கழித்து ஒரு காலை, காப்பகத்தின் கேட்டில் மிளகாய் கட்டிக் கிடந்தது. கடிதம் இல்லை, ஆள் இல்லை. மூக்கைச் சுற்றி வளையமாக ஒரு புண். குரைக்காமலிருக்க வாயைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அது, சோறு வைக்க வந்த சமையல்கார அம்மாவின் கையைக் கடித்தது. நாலு தையல். “என் மேலதான் தப்பு, வாளிய தடால்னு வச்சுட்டேன்” என்று அந்த அம்மாள் எல்லாரிடமும் சொன்னாள். யார் கேட்டார்கள்? இரண்டு முறை திரும்பி வந்து ஆளையும் கடித்துவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவது காப்பகத்தின் விதி. டாக்டர் அடுத்து வரும் நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. செயலாளர் பலகையில் எழுதிப் போட்டார்: கூண்டு நாற்பது, ஊசி.

அன்று மத்தியானம் இவள் சாப்பிடவில்லை. அலமாரியைத் திறந்து ஐந்து வருடத்துப் படிவங்களை எடுத்துத் தரையில் பரப்பி, பதினாலாவது கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். இல்லை. இல்லை. இல்லவே இல்லை. ஒருபோதும் இல்லை. இருநூற்றுச் சொச்சம் வீடுகள். இருபத்தாறு வருடம் மாடிப்படிகளுக்கு அடியில் என்னென்னவோ பார்த்தவள். இத்தனை பேரில் ஒருவர்கூட நாயின் மேல் கை வைக்கவில்லையாம். ஆம் என்று எழுதியிருந்தது ஒரே ஒரு தாள்.

அதை எடுத்துக்கொண்டு முட்டுச்சந்துக்குப் போனாள். அவர் மேசையில் குனிந்து கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு முடியும் வரை இவள் வாசலிலேயே நின்றாள். முடிந்ததும், மிளகாயை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள்.

“அடிக்கறவனுக்கு நாய் கிடையாதுன்னீங்க.”

“சொன்னேன்.”

“இப்ப நான் அடிக்காதவன் ஆயிட்டேனா?”

“இல்லைங்கய்யா. அடிக்காதவங்கன்னு நான் நெனச்சவங்க லட்சணம் தெரிஞ்சுபோச்சு.”

அவர் துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “அந்த நாய் அப்புறம் நாலு வருஷம் இருந்ததும்மா. சாப்பிடும், வாலாட்டும், எல்லாம் செய்யும். ஆனா என்னை விட்டு ரெண்டடி தள்ளியேதான் இருந்தது. சாகறப்பவும் ரெண்டடி. கையை நீட்டினா எட்டாது. அதான் நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொல்ல வாய் வரல.”

“இது கடிக்கும். ஒருத்தங்களுக்கு நாலு தையல்.”

“எனக்குக் கையில இருபத்தேழு தையல் இருக்கு. எல்லாம் கண்ணாடி. கண்ணாடிக்கு யாரும் ஊசி போடலியே.”

செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “முப்பத்தெட்டு மார்க் ஆளுக்கா? நீங்க போட்ட மார்க்தானே மேடம்? நாளைக்கு ஒரு குழந்தையக் கடிச்சா யார் பதில் சொல்றது?”

இவள் பேனாவை எடுத்து முப்பத்தெட்டின் மேல் கோடு போட்டாள். கீழே எழுதினாள்: மார்க் தவறு. போட்டது நான். கடித்தால் பொறுப்பும் நான். கையெழுத்துப் போட்டாள். டாக்டர் வருவதற்கு முந்தின நாள், தெருநாய்கள் நிழலில் சுருண்டு கிடக்கிற உச்சிவேளையில், மிளகாயை நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் வாரம் அது பெஞ்சுக்கு அடியிலிருந்து வரவில்லை. ஆள் இருக்கும்போது சாப்பிடவும் இல்லை. இரண்டாவது வாரம் இவள் பார்க்கப் போயிருந்தபோது, முட்டுச்சந்துக்குள் ஒரு தெருநாய் வழிதவறி வந்தது. மிளகாய் ஒரே பாய்ச்சல். மேசைக்கால் நகர்ந்தது. யாருக்கோ அளவெடுத்து வெட்டி முடித்திருந்த நிலைக்கண்ணாடி சரிந்து, கடை முழுக்கத் தெறித்தது.

அவர் கையில் அளவுகோல் இருந்தது.

நாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு, காதை மடக்கி, பல்லைக் காட்டியது. அவர் முகம் கறுத்துவிட்டது. அப்படியே நின்றவர், “திரும்பறேன்” என்றார் மெதுவாக. திரும்பினார். அளவுகோலை இவளிடம் நீட்டினார்.

“இத நீங்க கொஞ்ச நேரம் வச்சுக்குங்கம்மா.”

மொட்டைச் சுவரைப் பார்த்தபடி வாசலில் போய் உட்கார்ந்தார். இவள் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் எழுந்து வந்து, துடைப்பத்தை எடுத்து, “கண்ணாடி இருக்கு… கண்ணாடி இருக்கு…” என்று சொல்லிக்கொண்டே நாயின் காலடியிலிருந்து பெருக்க ஆரம்பித்தார். மறுநாள் மேசையைப் பின்னறைக்கு மாற்றினார். அளவுகோலை மட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்டினார், எடுக்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

நாய் திருந்திவிடவில்லை. கடைசிவரை சைக்கிளைக் கண்டால் ஆகாது. வாடிக்கைக்காரர்கள் வாசலில் நின்றே அளவு சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் வருவதையே விட்டார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘கண்ணாடி வருது’ என்றால் அது எழுந்து ஓரமாகப் போய் நிற்கும்; தகடு தாண்டியதும் பழைய இடத்துக்கு வரும். ஐந்தாவது மாதம், அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது வந்து அவர் காலில் முதுகை முட்டுக்கொடுத்துப் படுத்ததாம். அவர் ஒரு மணி நேரம் காலை அசைக்கவில்லை. கால் மரத்துப்போய், எழுந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அப்படியாக மிளகாய் அந்தக் கண்ணாடிக்கடையில் ஐந்து வருடம் மகாராணியாக வாழ்ந்து, வயதாகி, தூக்கத்திலேயே…

“இல்ல அண்ணி.”

பட்டாணி உரிப்பது நின்றுவிட்டது.

“அஞ்சு வருஷமெல்லாம் இல்ல. பதினாலு மாசம். வயித்துல கட்டி, தூக்கத்துல ஒண்ணும் போகல, நான்தான் டாக்டரக் கூட்டிட்டுப் போனேன். அவர் முதல்ல கேட்டப்பவே குடுத்திருந்தா பதினெட்டு மாசம் இருந்திருக்கும். அந்த நாலு மாசத்துல ரெண்டரை மாசம் அது வாயில கம்பியோட இருந்தது. அதையும் எழுதுங்க.”