எதிர்வாசலில் வளைகாப்பு

என் கழுத்தில் இருந்த தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். இருப்பதிலேயே இதுதான் நல்ல வகை என்றார் டாக்டர். இதில் நல்லதென்ன, கெட்டதென்ன என்று கேட்க வாயெடுத்தேன். தையல் இழுத்ததால் விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து, மிச்சம் மீதியை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என் உடம்பிலிருந்து கதிர் வருமாம். கர்ப்பிணிகள் கிட்டவே வரக்கூடாதாம். தட்டு தனி, துணி தனி, அறை தனி. பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்த என் நாத்தனாருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தீட்டு மாதிரிதானே லா? எனக்குத் தெரியும்," என்று வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கல்யாணமான புதிதில் தீட்டென்று என்னை ஒதுக்கி உட்காரவைத்ததற்கு அவரோடு மல்லுக்கு நின்றவள் நான். இப்போது நானே தட்டைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனேன்.

என் ஒரே மகளுக்கு ஏழாம் மாதம். சிம்பாங் பூலாயில் சம்பந்தி வீட்டார் வளைகாப்புக்கு நாள் குறித்து மண்டபமும் பிடித்த பிறகுதான் ஆஸ்பத்திரித் தேதி வந்தது. "நான் வராட்டி வளையல் உடைஞ்சிருமா?" என்று போனில் மகளிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

வளைகாப்பன்று மதியம் ஈப்போவில் எங்கள் வீட்டின் முன், விழாவுக்குப் போயிருந்த என் கணவரின் கார் வந்து நின்றது. இரண்டு கை நிறைய வளையலோடு மகள் இறங்கினாள்.

"அங்கயே நில்லு! கேட்டைத் தொட்ட, கால உடைச்சிருவேன்!"

"எட்ட நின்னு பாக்குறேன்மா. வெரட்டுனா ஓட நான் என்ன பூனையா?"

எதிர்வீட்டுச் சீன அக்கா தன் வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். கணவர் என் படியில் ஒரு புளிசாதப் பொட்டலத்தை வைத்துவிட்டு நகர்ந்தார். அவள் அங்கே சாப்பிட்டாள், நான் இங்கே. பார்ப்பவர்களுக்குத் தாயும் மகளும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் போலத் தெரிந்திருக்கும்.

திடீரென்று அவள் வயிற்றில் கை வைத்தாள். "அம்மா, உதைக்குது! சீக்கிரம் வா!"

எழுந்து ஓடினேன். கேட் தாழ்ப்பாளில் கை பட்டபோதுதான் நினைவு வந்தது. அவளுக்கும் அப்போதுதான் வந்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. தாழ்ப்பாளை விட்டுவிட்டு அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன், படி காலில் இடிக்கும் வரை.

"பாட்டி வாரேன்னு சொல்லு," என்றேன். "கட்டாயம் வாரேன்னு சொல்லு."